புகையான் திறந்துவைத்த பள்ளிக்கூடம்

உழவர் வயல்வெளிப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது, பாடநூலும் கிடையாது. ஓர் ஊரைச் சேர்ந்த சுமார் 25 உழவர்கள், நடவு தொடங்கி அறுவடை நெருங்கும்வரை, வாரம் ஒரு காலை ஒரே வயலில் கூடுகிறார்கள். பயிர், பூச்சி, மண், தண்ணீர் ஆகியவை ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதை அங்கேயே பார்த்துப் படிக்கிறார்கள். வேளாண் சூழலியலைக் கிராமத்து மக்களிடம் கொண்டுசென்ற முறைகளில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தவற்றுள் இதுவும் ஒன்று. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 1989இல் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இது தொடங்கியது.

தொடங்கக் காரணம் புகையான் என்ற நெற்பூச்சி. 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அதற்குள் பூச்சிமருந்தின் விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாக ஏற்றிருந்தது. மலிவாகக் கிடைத்ததால், பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருந்தடிப்பது வழக்கமாகிவிட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஜாவாவின் வயல்கள் புகையானால் திட்டுத்திட்டாகக் காய்ந்தன.

மருந்தடித்தும் பூச்சி பெருகியதல்ல விந்தை, மருந்தடித்ததால்தான் பெருகியது. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைத் திசுவுக்குள் இடுகிறது. மருந்து அங்கே போய்ச் சேருவதில்லை. ஆனால் தூர்களில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தியும், புகையானின் முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் ஒரே தெளிப்பில் செத்துப்போகின்றன. சில நாள் கழித்துப் பொரித்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இருப்பதில்லை. பிலிப்பைன்ஸில் இதை ஆராய்ந்து காட்டியவர்களுள் ஒருவர் பூச்சியியலாளர் பீட்டர் கென்மோர். 1986இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் ஆணை, 57 மருந்து வகைகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. மானியமும் படிப்படியாக நின்றது.

தடை கடையிலிருந்து மருந்தை எடுத்துவிடும். பூச்சியைக் கண்டதும் எழும் பயத்தை எடுக்காது. அதற்காகத்தான் பள்ளி.

காலையில் உழவர்கள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்குகிறார்கள். அங்கங்கே சில குத்துகளைத் தேர்ந்து, தூர்களையும் பூச்சிகளையும் எண்ணுகிறார்கள், நீர்மட்டம் பார்க்கிறார்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து பெரிய தாளில் படம் வரைகிறார்கள்: நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சிகள், மேலே அன்றைய வானம். அந்தப் படத்தை வைத்து, இந்த வாரம் என்ன செய்வது என்று குழு முடிவெடுக்கும். மற்றக் குழுக்கள் கேள்வி கேட்டுக் குடையும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் பின்தங்குவதில்லை.

பயிற்றுநரின் வேலை பதில் சொல்லாமலிருப்பது. “இது என்ன பூச்சி?” என்று கேட்டால், “எங்கே பார்த்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். விரிவுரைக்குப் பழகிய வேளாண் அலுவலருக்கு இது எளிதல்ல. ஆகவே அவர்களும் முதலில் சேற்றில் இறங்கித் தாங்களே நெல் விளைவித்துப் பயிற்சி பெற்றார்கள்.

தெரியாத பூச்சியை அறியப் ‘பூச்சிக் காட்சிசாலை’ உண்டு. வலை போர்த்திய நெற்செடிக்குள் புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு, மறுநாள் மிச்சத்தை எண்ணுவார்கள். இன்னொரு சோதனை துணிச்சலானது. இளம்பயிரின் இலைகளில் ஒரு பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, அறுவடையின்போது விளைச்சலை ஒப்பிடுவார்கள். தொடக்கத்தில் இழந்த இலையைப் பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்கிறது. இதைத் தன் கண்ணால் பார்த்தவர், இலைச்சுருட்டுப்புழு தின்ற நாலு இலைக்காகத் தெளிப்பானைத் தூக்குமுன் ஒரு கணம் தயங்குவார்.

பத்தாண்டுகளில் இந்தோனேசியாவில் சுமார் 10 லட்சம் உழவர்கள் இப்படிப் படித்தார்கள். இன்று 90க்கும் மேற்பட்ட நாடுகளில் பருத்தி, காய்கறி, கால்நடை என்று இம்முறை பரவியிருக்கிறது. ஆனால் விமர்சனமும் உண்டு. படித்தவர்களின் விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று உலக வங்கிப் பொருளியலாளர்கள் 2004இல் எழுதினார்கள். பக்கத்து வயல்காரருக்கு அறிவு கசியவும் இல்லை என்றார்கள். மருந்துச் செலவு குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் இருப்பதால் முதல் குற்றச்சாட்டு இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது வியப்பளிப்பதல்ல. பார்த்துத் தெளிந்ததை வாய்வார்த்தையாகக் கேட்டுத் தெளிய முடிவதில்லை. அந்த வகையில் இம்முறையின் பலமும் செலவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பருவம் முழுவதும் ஒதுக்கியாக வேண்டும்.

இம்முறை சிறுவர்களிடமும் போனது; அதற்குக் காரணம் வேறு. மொசாம்பிக்கில் எய்ட்ஸ் நோயால் பெற்றோர் இறந்தபோது, விதை பார்ப்பதும் களை அறிவதும் பிள்ளைகளுக்குக் கைமாறாமலே போயின. உணவு வேளாண் அமைப்பும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து 2003இல் அங்கே இளையோர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கின. ஆதரவற்ற பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் பயிர் வளர்த்தார்கள். பெரியவர்களைப் போலவே பயிரைப் பார்த்து, வரைந்து, விவாதித்தார்கள். ஒவ்வொரு வயல் பாடத்தோடும் ஒரு வாழ்க்கைப் பாடம் சேர்ந்தது. செடியை நோயிலிருந்து காப்பதைப் படிக்கும்போதே தன்னைத் தொற்றிலிருந்து காத்துக்கொள்வது பற்றியும் பேசப்பட்டது. நாடகமும் பாட்டும் அதற்குத் துணை.