சீகன்பால்கு: ஒரு செருமானியத் தொகைச்சொல்

காரைக்காலுக்கு வடக்கே கடற்கரையில் அமைந்த தரங்கம்பாடிக்கு 1706-ஆம் ஆண்டில் வந்தவர் சீகன்பால்கு ஐயர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்தவரும், 1716-இல் ஆலே நகரில் இலத்தீன் மொழியில் தமிழிலக்கணம் வெளியிட்டவரும் அவரே. அவர்தம் குடிப்பெயர் ஒரு தொகைச்சொல்லாதலின், அதன் அமைப்பை ஈண்டு ஆராய்வாம்.

'சீகெ' என்பது வெள்ளாடு. 'பால்க்' என்பது உரித்த தோல். தோலாற் செய்த துருத்தியையும் பிற்சொல் உணர்த்தும். எனவே முழுச்சொல்லின் பொருள் 'ஆட்டுத்தோல்' என்பதாம். 'சீகெ' பெண்பாற் சொல். 'பால்க்' ஆண்பாற் சொல். தொகையோ பிற்சொல்லின் பாலையே ஏற்கும். தலைமைச்சொல் இறுதியில் நிற்றல் இரு மொழிக்கும் ஒக்கும்.

இனி, இடையில் நிற்கும் னகர ஒலி யாது? 'சீகென்' என்பது இன்று பன்மை வடிவமாகவும் வழங்குதலின், அதனைப் பன்மை விகுதி எனக் கருதல் கூடும். அது பொருந்தாது. 'சொன்னென்ஷைன்' என்னும் சொல் ஞாயிற்றொளியைக் குறிக்கும், ஞாயிறு ஒன்றேயன்றோ! உண்மையில் இவ்வொலி, பழஞ்செருமானியத்தில் ஒருமைப் பெயர் ஏற்ற ஆறாம் வேற்றுமை ஈற்றின் எச்சமாகும். வேற்றுமையில் அவ்வீறு மறைந்த பின்னும் தொகையில் நிலைத்தது. 'லீபெ' (காதல்) என்னும் பெண்பாற் சொல் ஒருபோதும் சகர வேற்றுமை ஈறு ஏற்றதன்று. எனினும் காதற்கடிதம் 'லீபெஸ்பிரீஃப்' எனப்படுகின்றது. ஆகவே, இத்தகைய ஈறுகள் வேற்றுமைப் பொருள் இழந்து, சொற்களை இணைக்கும் இடைச்சொற்களாயின என்பது தெளிவு.

இவற்றைத் தமிழ் மாணவர் சாரியையோடு ஒப்பிட்டு உணரலாம். 'புளியங்காய்' என்பதில் 'அம்' சாரியை நிற்றல் காண்க. 'விழிதியூர்' என்பதில் வரும் யகரமோ உயிரிரண்டை உடம்படுத்த வந்த மெய், அது வேறு. தொல்காப்பியர் ஒன்பதும் நன்னூலார் பதினேழுமாகச் சாரியைகளை எடுத்தோதினர்.

ஆயினும், செருமானிய 'என்' ஈறும் தமிழ் 'இன்' சாரியையும் ஒலியாலும் தொழிலாலும் ஒத்தல் கண்டு, இரண்டும் ஒரு மூலத்தன எனல் பிழை. முன்னதன் வரலாறு செருமானியப் பெயர்த்திரிபினுள்ளேயே முற்றும் விளங்குகின்றது. 'சகர' ஈறு ஒலியால் ஒவ்வாதாயினும் அதே தொழிலைச் செய்தல் நோக்குக. ஓரொலி ஒப்புமை கொண்டு மொழியுறவு நாட்டுதல் ஆராய்ச்சியன்று. ஒவ்வொரு சொல்லையும் அதன் பழைய வடிவங்களுக்கு ஏற்றிக் கண்ட பின்னரே உறவு பேசுதல் முறையாம்.