ஒரு கை தட்டியும் ஓசை வரும்

இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் மிர்ஃபீல்டு என்ற சிற்றூர். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவுதான் வீடு. வார இறுதிகளில் அப்பா குடித்துவிட்டு வருவார். படுக்கையில் கிடக்கும் சிறுவன் தூங்குவதில்லை. கத்தல் ஓய்ந்து கை ஓங்கப்போகிற நொடி எது என்று காதாலேயே கணிக்கப் பழகியிருந்தான். அந்த நொடியில் போய் அம்மாவின் முகத்துக்கும் அப்பாவின் முஷ்டிக்கும் நடுவே நிற்பான்.

1940இல் பிறந்த அந்தச் சிறுவன்தான் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் பிகார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டுவர்ட். அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் தரும் ரெஃப்யூஜ் அமைப்புக்காகப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்.

அவர் கதையைப் படித்ததும் 'பார்த்தாயா, அடிதடியைப் பார்த்து வளர்ந்தவன் எப்படி ஆளாகிவிட்டான்' என்று சொல்ல நாக்கு துடிக்கும். அங்கேதான் ஆபத்து. 1998இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்ட ஆய்வு ஒன்று வெளியானது. துன்பங்களை ஏழு வகையாகப் பிரித்திருந்தார்கள். தாய் அடிபடும் வீட்டில் வளர்வது அதில் ஒன்று. எட்டில் ஒருவர் அதை அனுபவித்திருந்தார். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளில் துன்பப்பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு கூடுதல். தலையெழுத்து என்று இதைக் கொள்ள வேண்டாம், பலர் மீள்கிறார்கள். ஆனால், மீண்டவர்தான் மேடைக்கு வருகிறார். மற்றவர்களை நாம் பார்ப்பதே இல்லை.

ஸ்டுவர்ட் சொன்னவற்றில் என்னை அதிகம் உறுத்துவது அப்பாவின் அடி அல்ல, வீட்டுக்குள் வந்து நின்ற போலீஸாரும் ஆம்புலன்ஸ் ஆட்களும் சொன்னது. நீங்கள் ஏதாவது சொல்லிக் கோபப்படுத்தியிருப்பீர்கள், சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே என்றார்களாம். நம் ஊரில் என்றால் 'ரெண்டு கை தட்டினாத்தானே ஓசை' என்றிருப்பார்கள். அம்மா எதுவும் செய்யவில்லை என்பது அங்கே நின்ற சிறுவனுக்குத் தெரியும். அவனை யாரும் கேட்கவில்லை. நெசவாலையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர்தான், ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு வந்து, 'முடிந்தால் என்மேல் கை வை' என்று முஷ்டியை உயர்த்தி நின்றார்.

அப்பா ஆல்பிரட், பாராசூட் படைப்பிரிவில் சார்ஜன்ட் மேஜராக இருந்தவர். 1940இல் பிரான்ஸ் போர்முனையில் அவருக்குக் கடுமையான 'ஷெல் ஷாக்', அதாவது போரின் அதிர்ச்சியால் வரும் மனக்காயம், ஏற்பட்டிருந்தது. அது மகனுக்குத் தெரிந்தது 2012இல், குடும்ப வரலாற்றைத் தேடும் ஒரு பிபிசி நிகழ்ச்சியின்போது. அதற்குள் ஸ்டுவர்ட்டுக்கு 70 வயது கடந்திருந்தது. அதன்பின், முன்னாள் ராணுவத்தினரின் மனநலத்துக்காக 1919 முதல் இயங்கும் காம்பாட் ஸ்ட்ரெஸ் அமைப்புக்கும் துணைநிற்கிறார். அம்மாவுக்காக ஒன்று, அப்பாவுக்காக ஒன்று. காயம் காரணத்தைச் சொல்லும், கணக்கைத் தீர்க்காது. போர் முடிந்து வீடு திரும்புகிறவரின் மனதைக் கவனிக்காத அரசுக்கும் இதில் பங்குண்டு.

சிறுவன் ஸ்டுவர்ட் நடுவே போய் நின்றதைத் தைரியம் என்று புகழ்வதிலும் கவனம் வேண்டும். ஓங்கிய கை யார்மேல் இறங்கும் என்பதைச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட வீடுகளில் உதவும் பணியாளர்கள், பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவதே இதுதான்: நடுவில் போகாதே, வெளியே வா, பெரியவர் ஒருவரை அழை, அவசர எண்ணுக்குப் போன் செய். அழைக்கிற தூரத்தில் அந்தப் பெரியவர் இருக்க வேண்டும், அது நம் வேலை.

'சின்னப் பிள்ளை, தூங்குது, அதுக்கென்ன தெரியும்' என்ற பேச்சைச் சட்டம் இப்போது ஏற்பதில்லை. வீட்டு வன்முறையைப் பார்க்கிற, கேட்கிற, அதன் விளைவை அனுபவிக்கிற பிள்ளையும் பாதிக்கப்பட்டவரே என்று 2021இல் இங்கிலாந்தில் நிறைவேறிய சட்டம் சொல்கிறது. அது வந்தபோது மிர்ஃபீல்டு சிறுவனுக்கு வயது 80.