தொட்டியில் ஊற்றிய சூக்கா, குழம்புக்கு ஆகாத சூக்கா

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லாபு, பஹாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் சூக்கா (மலாயில் வினிகர்) சமையல்கட்டுப் பொருளே அல்ல. பால் கொட்டகைப் பொருள். விடியற்காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, மரத்தில் பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்த பால் மதியத்துக்குள் கொட்டகைக்கு வந்துவிடும். வடிகட்டித் தண்ணீர் கலந்து தொட்டியில் விட்டு, அளந்து கரைத்த ஆசிட்டை ஊற்றித் துழாவுவார்கள். மேலே கட்டும் நுரையை வழித்தெடுத்துவிட்டுத் தகடுகளைச் செருகிவைத்தால், மறுநாள் காலையில் தௌஃபூ மாதிரி வெள்ளைப் பாளங்கள். மிஷினில் கொடுத்து அழுத்திப் புகை போட்டால் ரப்பர் சீட்டு (ஷீட்). எலுமிச்சைச் சாறு பட்டு மாட்டுப்பால் திரிகிற அதே கணக்குதான்.

தொடக்க காலத்தில் அந்தத் தொட்டியில் ஊற்றியது அசெட்டிக் ஆசிட், வினிகருக்குப் புளிப்பைத் தருவதும் அதுதான். குறைவாக ஊற்றினாலே போதும் என்பதால் பின்னால் பார்மிக் ஆசிட் நிலைத்தது. அதை மலாய்க்காரர்கள் ‘சூக்கா கெத்தா’ (ரப்பர் வினிகர்) என்பார்கள். மேலே பட்டால் தோல் வெந்துபோகும். நெடி தொண்டையைப் பிடிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். அதோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு, குழம்பிலும் ஒரு சூக்காவை ஊற்ற மனசு வருமா?

லயத்து (தோட்டக் குடியிருப்பு) அடுப்புக்கு வேறு புளிப்புகள் இருந்தன. தோட்டத்துக் கடையில் கணக்கெழுதி வாங்கிய புளி. மலாய்க் கம்பத்தார் (கிராமத்தார்) மாசாக் லெமாக் என்னும் தேங்காய்ப்பால் குழம்பில் போடும் அசாம் கெப்பிங் (காய்ந்த புளிப்புப் பழத்துண்டு), வேலியோரம் காய்க்கும் பிலிம்பி. வினிகரைக் கண்டது பெரும்பாலும் வெளியில்தான்: சம்பளம் வாங்கிச் சிரம்பானுக்குப் போகும் நாளில், சீனர் கடை மீ நூடுல்ஸோடு வரும் ஊறின பச்சை மிளகாயில். கள் நாள்பட்டால் தானாகவே காடியாகும். தோட்டத்திலேயே கள்ளுக்கடையும் இருந்தது. ஆனால் காடியாகும்வரை கள்ளை யார் விட்டுவைத்தார்கள்? ஆப்ப மாவுக்கு ஒரு கரண்டி கிடைத்தாலே பெரிய விஷயம்.

1960களிலிருந்து ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) பிடித்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். தோட்டங்கள் கைமாறின, துண்டுபட்டன. குடும்பங்கள் சிரம்பான், செனவாங், நீலாய் பக்கத்துத் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகள்) அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. பால் வெட்டியவரின் மகள் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போனாள். வீட்டில் ஐஸ்பெட்டி வந்தது.

வினிகர் அச்சாரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தது என்பது என் கணிப்பு. கல்யாண வீட்டுப் பிரியாணிக்குப் பக்கத்தில் அச்சார் இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. வெள்ளரியையும் கேரட்டையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பில் பிசறி, நீர்விட்டதும் துணியில் போட்டு இறுக்கிப் பிழிவார்கள். இந்தப் பிழிதலில் சோம்பல்பட்டால் அச்சார் மறுநாளே சொதசொதத்துவிடும். பிறகு கடுகு, மஞ்சள், அரைத்த காய்ந்த மிளகாய் தாளித்து, வினிகரும் சீனியும் விட்டு, அன்னாசித் துண்டுகளோடு புரட்டினால் ஐஸ்பெட்டியில் பல நாள் நிற்கும். ஷிப்டு முடிந்து வருகிற வீட்டில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இது எவ்வளவு பெரிய உபகாரம்! போத்தல் வந்தபின் கோழி கழுவ, வெங்காயம் ஊறவைக்க, சிங்க் கறை போக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவே ஆனது.

மலிவாகக் கிடைக்கும் ‘சூக்கா புவாத்தான்’ (செயற்கை வினிகர்) எதையும் புளிக்கவைத்து எடுத்ததல்ல. அசெட்டிக் ஆசிட்டில் தண்ணீர் சேர்த்து, நூற்றுக்கு நான்கைந்து பங்கு இருக்கும்படி நீர்த்து அடைத்தது. அந்தக்காலப் பால் தொட்டி ஆசிட்டுக்கு இது நேர் வாரிசு. இந்த அளவில் சாப்பிடக் கெடுதல் இல்லை. ஆனால் கள்ளில் இறக்கிய காடியின் மணத்தை இதில் எதிர்பார்க்கக்கூடாது.

மீன் குழம்பில் மட்டும் வினிகர் தோற்றுவிட்டது. கொதிக்கக் கொதிக்க அதன் புளிப்பு ஆவியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துவிடுகிறது. புளியின் டார்டாரிக் அமிலம் அசையாமல் சட்டியிலேயே நிற்கிறது. குழம்பைக் கெட்டியாக்கும் சதையும் வினிகரில் கிடையாது. அதனால் தாமான் வீட்டு அலமாரியில் வினிகர் போத்தல் முன்வரிசையில் நின்றாலும், புளி டப்பாவை இன்னும் யாரும் எடுத்து வைக்கவில்லை.