கம்பியைக் கழற்றிய பிறகு

"கம்பியைக் கழற்றியாச்சு, பல்லும் நேராயிடுச்சு. இனிமேல் எதுக்கு டாக்டர் இந்தப் பிளேட்?" பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, பல் எப்படி நகர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல், தாடை எலும்பில் அடித்த ஆணியல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. ஒரு பக்கமாக மெல்ல, விடாமல் அழுத்தம் கொடுத்தால் பல் போகும் திசையில் எலும்பு கரையும். அது விட்டுவந்த இடத்தில் புது எலும்பு வளரும். நாம் 'கிளிப்' என்று சொல்வது செய்யும் வேலை இதுதான். பல்லில் ஒட்டும் சிறு துண்டு பிராக்கெட். அதன் காடியில் ஓடும் கம்பிதான் பல்லை இழுக்கிறது. முதலில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பி, வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். பின்னர் தடித்த எஃகுக் கம்பிக்கு மாறுவோம். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகர்வு. அதனால்தான் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நன்றாக இறுக்கினால் சீக்கிரம் முடியாதா என்றால், முடியாது. அழுத்தம் மிகுந்தால் படலத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நகர்வு நின்றுபோகும், வேரும் தேயலாம். (கோகுலாஷ்டமி சீடையும் பொங்கல் கரும்பும் பெயர்த்த பிராக்கெட்டுகளால் தள்ளிப்போகும் மாதங்கள் தனிக் கணக்கு!)

கம்பியைக் கழற்றும் நாளில் பல் புது இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே இன்னும் வேரூன்றவில்லை. ஈறின் நார்கள் இழுபட்ட ரப்பர் போல நிற்கின்றன. அவற்றில் ஒரு வகை புது நிலைக்குப் பழக 4 முதல் 6 மாதம் ஆகும். மீள்தன்மை மிகுந்த இன்னொரு வகைக்கு ஓராண்டுகூடப் போதாமல் போகலாம். திருகியிருந்த பல்தான் முதலில் பழையபடி திரும்பும். அதைத் தடுத்து நிறுத்தவே ரிட்டெய்னர் என்ற அந்தப் பிளேட். அண்ணத்தில் படியும் அக்ரிலிக் தகடும் முன்பற்களின் மேல் ஓடும் கம்பியும் கொண்டது ஒரு வகை. கண்ணாடி போன்ற உறை மற்றொன்று. கீழ் முன்பற்களின் உட்புறம் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவதும் உண்டு. அங்கே காரை படியும் என்பதால் நன்றாகத் துலக்க வேண்டும்.

முதல் சில மாதங்கள், சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் தவிர எப்போதும் அணிய வேண்டும். பிறகு இரவில் மட்டும் போதும். அது பல ஆண்டுகளுக்குத் தொடரும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து பிள்ளை வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகும்போதுதான் சிக்கல். மெஸ்ஸில் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்த பிளேட் தட்டோடு குப்பைக்குப் போகும். டப்பா ஒன்றைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். பச்சைத் தண்ணீரே போதும்.

சிகிச்சை நடுவில் மாற்றல் உத்தரவு வந்தால், எக்ஸ்ரே, பல் அச்சுகளோடு காடியின் அளவு 0.018 அங்குலமா 0.022 அங்குலமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊர் மருத்துவர் அதற்கேற்பத்தான் கம்பியைத் தேர்ந்தெடுப்பார்.

இரவில் பிளேட்டை மாட்டும்போது இறுக்கமாக இருந்தால், பல் சற்று நகர்ந்திருக்கிறது என்று பொருள். தொடர்ந்து சில நாள் போட்டாலே பெரும்பாலும் சரியாகும். உட்காரவே மறுத்தால் அழுத்தித் திணிக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.