பக்கத்து அறைக் கணினி ஏன் பதில் சொல்லவில்லை?

ஹாலில் மேஜைக் கணினி, உள்ளறையில் லேப்டாப். அக்கா கல்யாணப் படங்கள் மொத்தமும் ஹாலில் கிடக்கின்றன. ஃபோல்டரை 'ஷேர்' செய்தாயிற்று. லேப்டாப்பில் தேடினால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று ஒரு வரி. இதைவிட உதவாத செய்தியை நான் கண்டதில்லை. எதிர்க் கணினி தூங்கிப் போயிருந்தாலும், பெயர் புரியாவிட்டாலும், ஃபயர்வால் மறித்தாலும் இதே வரிதான்.

ஆகவே முதலில் பெயரை ஒதுக்கிவிட்டு எண்ணால் கூப்பிட்டுப் பாருங்கள். ஹால் கணினியின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால் 192.168.1.7 என்பதுபோல ஐபி முகவரி தெரியும். லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்று அடியுங்கள். ஃபோல்டர் வந்துவிட்டால் கோளாறு பெயரில் மட்டும்தான். அந்த எண்ணையே ஷார்ட்கட்டாக வைத்துக்கொண்டு, அது மாறாதபடி ரூட்டரில் ஒதுக்கிவிட்டால் போதும்.

எண்ணுக்கும் அசையவில்லையா? லேப்டாப்பின் ஐபி முகவரியையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. இணைய நிறுவனம் தந்த பெட்டியோடு, சிக்னல் போதவில்லையென்று நாமே இன்னொரு ரூட்டர் வாங்கி மாட்டிய வீடுகளில் இது சகஜம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாவது ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியால் முன்னால் இருப்பதை எட்ட முடியும். முன்னால் இருப்பதால் பின்னால் போக முடியாது. 'நேற்று இங்கிருந்து திறந்ததே' என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். இரண்டாவதை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றினால் சரியாகும். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் இதே கதிதான். அது விருந்தாளியை வீட்டுக் கணினிகளிலிருந்து பிரித்து வைப்பதற்கென்றே இருப்பது.

முகவரிகள் ஒத்துப்போயும் வராவிட்டால், ஹால் கணினியில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்றிருக்கிறதா பாருங்கள். ரயில்நிலைய வைஃபைக்குத்தான் அது. வீட்டில் 'ப்ரைவேட்' ஆக்குங்கள்.

இந்தப் பகிர்வுக்கு அடியில் ஓடும் எஸ்எம்பி என்ற நெறிமுறை 1983-இல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் உருவாக்கியது. பின்னர் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதை யூனிக்ஸ் கணினிகளுக்குக் கொண்டுவந்தார். எஸ், எம், பி மூன்றும் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடி அவர் எடுத்த பெயர்தான் 'சாம்பா'. வீட்டு ஸ்டோரேஜ் பெட்டிகள் பலவற்றில் இன்றும் ஓடுவது அது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை பரவியது எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாக. புதிய விண்டோஸில் அந்தப் பதிப்பு தானாக வருவதில்லை. அதை மட்டுமே பேசத் தெரிந்த பழைய பெட்டிகள் திடீரென்று ஊமையாகிவிடுகின்றன. அதை மறுபடி இயக்கு என்று பலரும் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள்.

எங்கள் வீட்டுச் சிக்கலோ கடைசிப் படியில் இருந்தது. ஃபோல்டர் தெரிந்தது; யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டது. தினமும் கணினியைத் திறக்கும் நாலு இலக்கப் பின்னை அடித்தேன், மறுத்தது. ஐந்து முறை அடித்தேன். 'பின்' எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது என்பது பிறகுதான் உறைத்தது. கேட்பது ஹால் கணினியின் கணக்குக்கான உண்மையான பாஸ்வேர்டை. மைக்ரோசாஃப்ட் கணக்கென்றால் யூசர்நேம் அந்த மின்னஞ்சல் முகவரி. பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால், விண்டோஸ் வழக்கமாக அதை வெளியிலிருந்து உள்ளே விடாது.

பகிர்வதற்கென்றே ஹால் கணினியில் பாஸ்வேர்டோடு தனியாக ஒரு கணக்கு தொடங்கி, அந்த ஃபோல்டரில் படிக்கும் உரிமையை மட்டும் அதற்குக் கொடுங்கள். படங்களை யாரும் தவறிப்போய் அழித்துவிட முடியாது.