பிரெய்ரிப் புல்வெளியைக் காக்கும் தொண்டர்கள்

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பரந்து கிடந்த இயற்கைப் புல்வெளிக்குப் பிரெய்ரி என்பது பெயர். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த இல்லினாய் மாநிலத்தில் மட்டும் அது ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பரப்பில் இருந்தது. 1837-ஆம் ஆண்டில் ஜான் டீர் என்னும் கருமான் அம்மாநிலத்தில் எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். கொழுவில் ஒட்டிக்கொள்ளும் கரிய மண்ணை உழுவது அதனால் எளிதாயிற்று. புல்வெளி விளைநிலமாக மாறிற்று. 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கணக்கெடுத்தபோது, சிதையாத நிலையில் எஞ்சியிருந்தது சுமார் 2,500 ஏக்கரே. அதிலும் ஒரு பகுதி, இருப்புப் பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ஏர் படாமல் தப்பிய சிறு துண்டுகளாகும்.

வேலி மட்டும் போதாது

எஞ்சிய நிலத்தைச் சுற்றி வேலியிட்டால் அது தானே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. போதிய மழை பெய்யும் இப்பகுதியில், தீயும் மேய்ச்சலும் இல்லாத புல்வெளியில் சில பத்தாண்டுகளுக்குள் புதர்களும் மரங்களும் அடர்ந்து, புல்லுக்கு வெயில் படாமற் செய்துவிடுகின்றன. முற்காலத்தில் மின்னலாலும், பழங்குடி மக்கள் வைத்த தீயாலும் புல்வெளி அடிக்கடி எரிந்தது. பிரெய்ரிப் புற்களின் வளர்முனைகள் குளிர்காலத்தில் மண்ணுக்குள் ஒடுங்கியிருக்கின்றன. வேர்களோ பல அடி ஆழம் செல்கின்றன. ஆதலால் தீ அவற்றை அழிப்பதில்லை. வளர்முனை மேலே உள்ள மரக்கன்றுகளே கருகுகின்றன. சருகு எரிந்த கரிய தரை இளவேனிலில் விரைவில் சூடேறிப் புல் துளிர்க்கவும் உதவுகிறது.

விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தார் 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், மாடிசன் நகரிலுள்ள பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரியை மீண்டும் உண்டாக்க முற்பட்டனர். அடுத்த பத்தாண்டில் ஜான் கர்ட்டிஸ் முதலியோர் அங்கு நடத்திய சோதனைகள் தீயின் பயனை மெய்ப்பித்தன.

ஆண்டு முழுதும் பணி

1977-ஆம் ஆண்டில் சிக்காகோ ஆற்றின் வடகிளையை ஒட்டிய பொதுக் காப்பு நிலங்களில், ஸ்டீவ் பாக்கார்டு என்பவரின் முயற்சியால் தொண்டர் பணி தொடங்கிற்று. பல தொழில்களைச் சேர்ந்த குடிமக்கள் விடுமுறை நாட்களில் அங்குக் கூடி, ஊதியமின்றி உழைத்தனர். இத்தகைய பணிக்கு ஒழுங்கான பருவமுறை உண்டு. கோடையில் அயல் களைகளை அகற்றுவர். கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும், எஞ்சிய துண்டுகளில் முற்றிய விதைகளைக் கையால் சேகரிப்பர். சேகரித்த இடத்திலும் ஒரு பகுதி விதையை விட்டுவைப்பர். பல விதைகள் ஈரக் குளிரில் கிடந்தாலன்றி முளைக்கமாட்டா. ஆகவே பனிக்காலத்திற்கு முன்னரே விதைத்துவிடுவர். குளிர்காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய பக்தார்ன் புதரை வெட்டி, மீண்டும் தழையாதவாறு அடிக்கட்டைக்கு மருந்திடுவர். தீயிடும் பணியை அனுமதியுடன், பயிற்சி பெற்றோர் மட்டுமே செய்வர். பூச்சியினங்கள் பிழைத்திருக்கும் பொருட்டு, ஒரே ஆண்டில் நிலம் முழுவதையும் எரிப்பதில்லை.

எதிர்ப்பும் படிப்பினையும்

மரம் வெட்டுவதையும் தீயிடுவதையும் கண்ட அண்டை வாசிகள் சிலர், இது இயற்கையை அழிக்கும் செயல் என்று முறையிட்டனர். 1996-ஆம் ஆண்டில் சிக்காகோவை உள்ளடக்கிய குக் மாவட்டக் காப்பு நிலங்களில் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. சில இடங்களில் அது மீண்டும் தொடங்கப் பல ஆண்டுகள் சென்றன. வேலையின் நோக்கத்தைச் சுற்றுப்புறத்தாருக்கு முன்னரே எடுத்துரைப்பதும் பணியின் ஓர் அங்கமே என்பது இதனால் விளங்கிற்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. விதைத்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களையே கண்ணில் படும். பிரெய்ரிச் செடிகள் அப்போது கீழ்நோக்கி வேரூன்றிக் கொண்டிருக்கும். பல பத்தாண்டுகள் பேணிய பின்னரும், புதிதாக விதைத்த நிலம் ஏர் படாத துண்டின் இனவளத்தை எட்டுவதில்லை. ஆதலால் எஞ்சியதைக் காப்பதே முதற் கடமை. விதைப்பது அதற்கு அடுத்ததேயாகும்.