நிழலின் அருமை வெயிலில் தெரியும், கோழிக்கும்தான்!



“மலையில ஏது தம்பி வெயிலு? ராத்திரியில கம்பளி இல்லாம படுக்க முடியல. கோழிக்கு வெக்கைன்னு சொல்ல வந்துட்டீங்களே!”

லெம்பா பெர்த்தாமில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். தாப்பாவில் வியர்த்து வழிகிறவர் ரிங்லெட் வந்து சேர்ந்ததும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்.

ஆனால் வெளியே வீசும் காற்று வேறு, தகரத்துக்குக் கீழே அடைபட்ட காற்று வேறு. மழையில்லாத நாளில், உச்சி வேளையில் கோழிக்கூண்டின் தகரத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாது. மூசாங் பயத்தில் நாலு பக்கமும் பலகை அடித்து, கதவையும் பூட்டிவிட்டு நாம் மலைக்குப் போய்விடுகிறோம். கோழிக்கு வெக்கை கடுமையாக இருக்கும் அந்த மூன்று மணி நேரம் வீட்டில் ஆள் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் முட்டையிடுகிற பெட்டை கால் நீட்டிக் கிடக்கிறது. “யாரோ கண்ணு வச்சிட்டாங்க” என்கிறோம். கண்ணுமில்லை, காற்றுமில்லை. காற்று இல்லாததுதான் காரணம்!

கோழி நமக்குச் சும்மா வளர்க்கிற பிராணியல்ல. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்க ஒரு சேவல், தீபாவளிக்கு ஒரு சேவல், பிரசவித்த மகளுக்கு ஒரு பெட்டை. அது கூண்டில் நிற்கிற சேமிப்பு. 2022 ஜூன் முதல் தேதி, உள்நாட்டில் கோழி பற்றாக்குறையாகி விலை ஏறியதால், வெளிநாட்டுக்குக் கோழி அனுப்புவதையே நம் அரசாங்கம் நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். அந்த நாளில்தான் பின்கட்டுக் கோழியின் அருமை பலருக்குத் தெரிந்தது.

கோழிக்கு வியர்க்காது

நமக்கு வெக்கை என்றால் வியர்வை வந்து உடம்பைக் குளிர வைக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே சுமார் 41 டிகிரி. நமக்கு அந்தச் சூடு வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும்! மேலே இறகுப் போர்வை வேறு. அது சூட்டை வெளியேற்றுவது கொண்டையாலும் தாடியாலும், வாயைத் திறந்து வாங்குகிற மூச்சாலும்தான்.

சுமார் 30 டிகிரியைத் தாண்டினால் அது திணறத் தொடங்கும். சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைக்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இரை எடுக்காது, தண்ணீரையே தேடும். அதிகமாக இளைத்தால் இரத்தத்தின் தன்மை மாறி, முட்டை ஓடு மெலிந்துபோகும். ஓடு மெலிந்த முட்டை கண்டால் முதலில் கூண்டைப் பாருங்கள்.

குளிருக்குப் பழகிய மலைக் கோழிக்கு இதில் ஆபத்து அதிகம். கீழ்நாட்டுக் கோழி நாள்தோறும் வெக்கையில் நின்று பழகியது. மலைக் கோழிக்குத் திடீரென்று நாலு நாள் கடும் வெயில் வந்தால் பழகிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வெயில் வராமலும் இல்லை. 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. 2016இல் வடமாநிலங்களில் வெயிலால் பள்ளிகளையே மூடினார்கள். கீழே அப்படிக் காயும்போது மலையும் முன்போல் குளிர்வதில்லை.

பெரட்டுக்கு முன்னே

பகலில் நாம் வீட்டில் இல்லை. ஆகவே செய்ய வேண்டியதைப் பெரட்டுக்குப் போகும் முன்பே செய்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்துக் கால்மணி நேர வேலைதான்.

முதலாவது தண்ணீர். ஒரு கோழி சாதாரணமாகக் கால் லிட்டர் குடிக்கும். வெயில் நாளில் அரை லிட்டர் கேட்கும். பத்துக் கோழிக்கு ஐந்து லிட்டர் வேண்டும். ஒரே சட்டியில் வைத்தால் தைரியசாலிக் கோழி மற்றதை விரட்டும். ஒன்று கவிழ்ந்தால் எல்லாம் போச்சு. இரண்டு மூன்று இடத்தில், நிழலில் வையுங்கள். மண்சட்டியில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: பூச்சி மருந்து, களைக்கொல்லி வந்த தோம்பையோ டப்பாவையோ எத்தனை தடவை கழுவினாலும் கோழிக்கு வைக்காதீர்கள்.

இரண்டாவது இரை. இரை செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கிறது. தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். பத்து மணிக்கு மக்காச்சோளம் போட்டால் வெயிலின் சூடும் இரையின் சூடும் ஒன்றாகச் சேரும். விடியற்காலையில் ஒரு பங்கு, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பங்கு போடுங்கள். பகலுக்கு வெள்ளரிக்காய், தர்பூசணித் தோல், கீரை போதும். காய்கறித் தோட்டத்தில் கழித்த இலையை வாங்கி வருகிறவர்கள், அதில் எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்டு, நன்றாகக் கழுவிப் போடுங்கள். தெரியாவிட்டால் போடாதீர்கள்.

மூன்றாவது காற்று. பலகைச் சுவரில் இரண்டு எதிரெதிர்ப் பக்கத்தை எடுத்துவிட்டு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். மூசாங்கும் பாம்பும் நுழையாது, காற்று நுழையும். ராத்திரி குளிருமே என்பீர்கள். அதற்குத்தான் சாக்குத் திரை. காலையில் சுருட்டிக் கட்டுங்கள், இரவில் இறக்கி விடுங்கள். நம் மலைக்கு இந்த ஒரு பழக்கம் பாதி வைத்தியம்.

கூரைக்கு ஒரு தொப்பி

நாற்றுமேடையில் தேயிலைக் கன்றுக்கு நிழல் கட்டுகிறோமே, அதே கணக்குத்தான். தகரத்தின் மேல் நாலு விரல் இடைவெளி விட்டுக் கழி கட்டி, லாலாங் புல்லோ அத்தாப்போ பரப்புங்கள். புல்லுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். பூசணிக் கொடியை ஏற்றிவிட்டாலும் நிழலோடு கறியும் கிடைக்கும். புதிதாகக் கூண்டு கட்டுகிறவர்கள் நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருக்கும்படி கட்டுங்கள். மாலை வெயில் நீளச் சுவரில் அடிக்காது.

குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஆற்றங்கரையில் மட்டும் கட்டாதீர்கள். 2013 அக்டோபர் 23ஆம் தேதி இருட்டோடு அணைத் தண்ணீர் சேறாக வந்து பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதை நாம் மறக்க முடியாது.

இன்னொன்று: வெக்கை என்று கூண்டுக்குள் தண்ணீரைக் கொட்டாதீர்கள். நம் மலையில் காற்றே ஈரம். தரையும் நனைந்தால் கோழி விடுகிற மூச்சு உலராது, சூடு தணியாது. குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலும் வரும். தண்ணீர் தெளிப்பதானால் கூரைக்கு வெளியே தெளியுங்கள். உள்ளே காய்ந்த மண்ணும் சாம்பலும் ஒரு மூலையில் இருந்தால் கோழி தானே புரண்டு சுகப்படும்.

மயங்கி விழுந்தால்

வீட்டில் பாட்டியோ பள்ளி விட்டு வந்த பிள்ளையோ இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மயங்கிய கோழியை நிழலுக்குக் கொண்டுபோய், ஐஸ் இல்லாத சாதாரணத் தண்ணீரில் கழுத்து நனையாமல் கால்களையும் வயிற்றையும் சற்று நேரம் முக்கி எடுக்க வேண்டும். பிறகு காற்றாட விடுங்கள். தொண்டையில் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மூக்கை நனைத்தால் போதும், தெளிந்ததும் தானே குடிக்கும்.

ஒரு அடையாளத்தை மறக்க வேண்டாம். வெக்கை என்றால் சாயங்காலம் தெளியும். மாலையிலும் தெளியாமல், பச்சையாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டால் அது நோய். செத்ததைக் குழம்பு வைக்காதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள். ஆழப் புதைத்துவிட்டுக் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

தோழர்களே, இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. இரண்டு சாக்கு, கொஞ்சம் கம்பிவலை, ஒரு கட்டு லாலாங், கால்மணி நேரம். வெயிலில் கொழுந்தெடுத்துவிட்டு ஒரு மர நிழலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போது நமக்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது! அந்த நேரம் பின்கட்டில் பூட்டிக் கிடக்கிற ஜீவனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, முதலில் அந்த மேற்குப் பக்கப் பலகையை எடுங்கள்.